விண்மீனைக் கிழிக்கும் ஓதம்

மெல்போர்ன் நகருக்குக் கிழக்கே, டாண்டினோங் மலையடிவாரத்தில் இருக்கிறது த பேசின். அங்கே மவுண்டன் ஹைவேயில் வக்ரதுண்ட விநாயகர் கோயில். சங்கடஹர சதுர்த்தி எப்போது, அமாவாசை எப்போது என்று நிலவின் நாள்கணக்கை விரல்நுனியில் வைத்திருப்பவர்கள் வந்துபோகும் இடம். அங்கிருந்து காரில் அரை மணி நேரம் போனால் கிளேட்டன். மொனாஷ் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். நிலவு கடலை ஏற்றி இறக்கும் அதே விசை, கருந்துளையின் அருகே ஒரு விண்மீனை முழுதாகக் கிழித்துப் போட்டால் அதன் பிறகு என்ன நடக்கும் என்பதைக் கணினியில் ஓராண்டுக் காலத்துக்குத் தொடர்ந்து பார்த்தது அங்கே பணிபுரியும் டேனியல் பிரைஸ் தலைமையிலான குழு. 2024இல் வெளியான ஆய்வு அது.

அந்த வளாகத்தைத் தாண்டித்தான் எத்தனையோ தமிழர்கள் தினமும் வேலைக்குப் போகிறார்கள். ஆனாலும் கருந்துளை என்றதும் நம் வீடுகளில் வருவது இன்னும் அந்தப் பூதக்கதைதான். அண்டவெளியில் வாயைத் திறந்துகொண்டு அலையும் ஒன்று, கிட்டே வருவதையெல்லாம் உறிஞ்சிவிடும் என்று. இது தவறு என்பதோடு, பிள்ளைகளின் கேள்வியை அங்கேயே அடைத்தும்விடுகிறது. பூதம் ஏன் விழுங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை. கடல் ஏன் ஏறி இறங்குகிறது என்று கேட்க முடியும். கருந்துளையைக் கடலிலிருந்தே சொல்லித் தர முடியும், அப்படித்தான் சொல்லித் தரவும் வேண்டும்.

கடலின் இந்த ஏற்ற இறக்கம்தான் ஓதம். நிலவு பூமியை ஈர்க்கிறது என்பதால் மட்டும் அது எழுவதில்லை. பூமியின் எல்லாப் பகுதியையும் நிலவு ஒரே அளவில் ஈர்த்திருந்தால் கடல் அசையாது. நிலவைப் பார்த்த பக்கம் அதற்கு நெருக்கம், மறுபக்கம் தூரம். இரண்டு பக்கங்களிலும் நிலவின் ஈர்ப்பு ஏறக்குறைய 7 சதவீதம் வேறுபடுகிறது. அந்த வித்தியாசம்தான் ஓத விசை. அது பூமியைச் சற்றே நீட்டுகிறது, கடலை இரு பக்கமும் மேடாக்குகிறது. சூரியனை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். பூமியை நிலவு ஈர்ப்பதைவிட ஏறக்குறைய 180 மடங்கு வலுவாகச் சூரியன் ஈர்க்கிறது. ஆனால் கடலில் சூரியன் எழுப்பும் ஓதம் நிலவின் ஓதத்தில் பாதிகூட இல்லை. காரணம், சூரியன் மிகத் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் பூமியின் இரு பக்கங்களுக்கும் தூரத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. தூரம் பாதியானால் ஈர்ப்பு நான்கு மடங்காகும், ஓத விசையோ எட்டு மடங்காகும். இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் மேற்கொண்டு சொல்லப்போவது எல்லாமே பிடிபடும்.

மெல்போர்ன்வாசிகளுக்கு ஓதம் அவ்வளவாகக் கண்ணில் படாது. போர்ட் பிலிப் விரிகுடாவின் வாய் குறுகலானது, உள்ளே நீர்மட்டம் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது. தென்கிழக்கே வெஸ்டர்ன்போர்ட்டில் அதே நிலவு ஏறக்குறைய 3 மீட்டர் ஏற்றி இறக்குகிறது. வற்றும் நேரத்தில் சேறு கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஏற்றம் கூடும் என்பது யாழ்ப்பாணத்துக் கரையிலும் நாகப்பட்டினத்துக் கரையிலும் வலை இழுப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சூரியனும் நிலவும் ஒரே நேர்கோட்டில் நின்று இழுக்கும் நாட்கள் அவை.

ஓதம் ஒரு பொருளை நீட்டுவதோடு நின்றுவிடாமல் பிய்த்தும் போடும் என்பதை மனிதர்கள் நேரடியாகப் பார்த்தது 1990களில். ஷூமேக்கர்–லெவி 9 என்ற வால்மீன் 1992 ஜூலையில் வியாழனுக்கு மிக அருகே போனது. வியாழனின் ஓத விசை அதை இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக உடைத்து வரிசையாக நீட்டியது. 1994 ஜூலை 16 முதல் 22 வரை அத்துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வியாழனில் மோதின. அவற்றில் பெரிய மோதல்களுள் ஒன்றின் புகழ்பெற்ற அகச்சிவப்புப் படம் எடுக்கப்பட்டது நியூ சவுத் வேல்ஸின் சைடிங் ஸ்பிரிங் மலையில்தான். எடுத்தவர் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் மெக்கிரிகர்.

வால்மீன் பனியும் தூசியும் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள், எளிதில் உடையும். விண்மீன் அப்படியில்லை, தன் ஈர்ப்பால் தன்னையே இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கிழிக்க வேண்டுமானால் ஓத விசை அந்தப் பிடியை மிஞ்ச வேண்டும். சூரியனைப் போலப் பத்து லட்சம் மடங்கு எடையுள்ள ஒரு கருந்துளையை எடுத்துக்கொள்வோம். சூரியன் அளவுள்ள விண்மீன் ஒன்று அதிலிருந்து ஏறக்குறைய 7 கோடி கிலோமீட்டர் தூரத்துக்குள் வந்தால் கிழிந்துவிடும். கருந்துளையின் எல்லை, அதாவது ஒளியும் திரும்ப முடியாத விளிம்பு, மையத்திலிருந்து 30 லட்சம் கிலோமீட்டர்தான். விண்மீன் அழிவது அந்த வாய்க்கு வெகு தொலைவில், வெட்டவெளியில். அதனால்தான் அந்த அழிவின் ஒளி நம்மை வந்தடைகிறது.

அந்த நேரத்தில் விண்மீன் ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கும். கருந்துளையைப் பார்த்த பக்கம் முன்னே இழுபடும், மறுபக்கம் பின்தங்கும், குறுக்குவாட்டில் நசுங்கும். சில மணி நேரத்துக்குள் உருண்டையாக இருந்தது நீண்ட வாயுத் தாரையாகிவிடும். அதில் ஏறக்குறைய பாதி, நொடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் கருந்துளையின் பிடியிலிருந்து ஒரேயடியாகத் தப்பி ஓடிவிடுகிறது. மீதிப் பாதி நீண்ட வளையத்தில் சுற்றிவிட்டு ஒரு மாதத்துக்கு மேல் கழித்துத்தான் திரும்பி வரத் தொடங்கும். முதலில் பெருவெள்ளமாக, பிறகு மெல்லக் குறைந்து குறைந்து ஆண்டுக்கணக்கில். இப்படி நடக்கும் என்ற கருத்தை 1975இல் வானியலாளர் ஜாக் ஹில்ஸ் முன்வைத்தார். அந்த வெள்ளம் எப்படி ஏறி எப்படி வடியும் என்பதை 1988இல் மார்ட்டின் ரீஸ் எழுதினார். கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காகிதத்தில் எழுதப்பட்ட நிகழ்வு இது. 1990களில் ரோசாட் என்ற எக்ஸ்ரே செயற்கைக்கோள் எடுத்த பதிவுகளில்தான் முதல் தடயங்கள் கிடைத்தன.

கருந்துளை பெரிதாக ஆக இந்தக் கிழிப்பும் மூர்க்கமாகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு. சூரியனைப் போல் பத்துக் கோடி மடங்கைத் தாண்டிய கருந்துளைகளின் விளிம்பு மிகவும் வெளியே வந்துவிடுகிறது. சூரியன் போன்ற விண்மீன் கிழிபடும் முன்பே அந்த விளிம்புக்குள் போய்விடும். சத்தமில்லை, வெளிச்சமில்லை. கருந்துளை உண்மையிலேயே முழுதாக விழுங்கும் இடத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது. வான்வெளியில் நாம் காணும் அந்தப் பேரொளி முழுவதும் கிழிந்ததனால் வந்தது.

இந்த இடத்தில் ஒரு சென்னைக்காரரைப் பேசாமல் போக முடியாது. பிரசிடென்சி கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், எரிந்து முடிந்த விண்மீன்களான வெண்குள்ளர்களுக்கு ஓர் எடை வரம்பு உண்டு என்று கணக்கிட்டுக் காட்டியது தமிழர்கள் பெருமையோடு அறிந்த செய்தி. 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் அன்றைய பெருந்தலை ஆர்தர் எடிங்டன் அதை எழுந்து நின்று மறுத்ததும் தெரிந்ததே. 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது. அதிகம் பேசப்படாதது அவருடைய 1969ஆம் ஆண்டுப் புத்தகம். சுழலும் திரவக் கோளம் ஒன்று ஓத விசைக்கு ஆட்படும்போது எப்படி நீள்கிறது, எந்த இடத்தில் நிலைகுலைகிறது என்பதை அதில் அவர் விரிவாக ஆராய்ந்தார். 1980களின் தொடக்கத்தில் பிரான்சில் பிராண்டன் கார்ட்டரும் ழான்-பியர் லூமினேயும் கருந்துளையருகே விண்மீன் எப்படி நசுங்கும் என்று கணக்கிட்டபோது, விண்மீனை உருமாறும் நீள்கோளமாகப் பாவிக்கும் அதே மரபில்தான் நடந்தார்கள். சந்திரசேகரின் வெண்குள்ளர்களுக்கும் இதில் பங்குண்டு. பூமி அளவே உள்ள அந்தக் கெட்டியான விண்மீன்களைப் பத்து லட்சம் சூரிய எடையுள்ள கருந்துளையால் வெளியில் வைத்துக் கிழிக்க முடியாது. விழுங்கத்தான் முடியும். ஆகவே ஒரு வெண்குள்ளர் கிழிபட்டு ஒளிர்வதைத் தெளிவாகப் பார்த்துவிட்டால், அங்கே அதைவிடச் சிறிய ஒரு கருந்துளை ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

எடிங்டனின் பெயர் மொனாஷ் ஆய்வில் திரும்பவும் வருகிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு புதிரைச் சொல்ல வேண்டும். கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வாயு லட்சக்கணக்கான டிகிரி சூடாக வேண்டும், எக்ஸ்ரே கதிர்களை வீச வேண்டும். ஆனால் தொலைநோக்கிகள் கண்டுபிடித்த நிகழ்வுகளில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் புறஊதாவிலுமே பளிச்சிட்டன. வெப்பமும் எதிர்பார்த்ததைவிட வெகு குறைவு. உள்ளே இருக்கும் வெப்பத்தை ஏதோ ஒரு திரை மறைத்து, குளிர்ந்த ஒளியாக மாற்றி அனுப்புகிறது என்று 1990களிலிருந்தே பலர் ஊகித்தார்கள். அந்தத் திரை எங்கிருந்து வருகிறது என்பதை யாரும் தொடக்கத்திலிருந்து கணக்கிட்டுக் காட்டவில்லை. காட்டுவதும் எளிதல்ல. விண்மீன் கிழிவது மணிக்கணக்கில், எச்சங்கள் திரும்புவது மாதக்கணக்கில், ஒளி மங்குவது ஆண்டுக்கணக்கில். இத்தனை கால அளவுகளையும் சார்பியல் ஈர்ப்பையும் ஒரே கணக்கில் அடக்க வேண்டும்.

பிரைஸ், டேவிட் லிப்டாய், இலியா மாண்டெல் ஆகியோரும் சகாக்களும் செய்தது அதைத்தான். சூரியன் அளவுள்ள விண்மீனைப் பத்து லட்சம் சூரிய எடையுள்ள கருந்துளையை நோக்கி அனுப்பினார்கள், கிழியவிட்டார்கள், எச்சங்களை ஓராண்டுக்குத் தொடர்ந்தார்கள். திரும்பி வந்த வாயு கருந்துளைக்குள் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. ஒன்றோடொன்று மோதிச் சூடேறியது. உள்ளே போன சிறு பகுதி கக்கிய வெப்பமே மற்றதை வெளியே தள்ளியது. தீ அதிகமானால் பொங்கல் பானை பொங்கி வழிவதைப் போல, எல்லை மீறிய கதிர்வீச்சு வாயுவைத் தூக்கி வெளியே எறிந்தது. அந்த எல்லைக்குத்தான் எடிங்டனின் பெயர். ஒளி தரும் அழுத்தம் ஈர்ப்பை மிஞ்சும் புள்ளியை வகுத்தவர் அவர். அப்படி வெளியேறிய வாயு ஒழுங்கற்ற ஒரு பெருங்குமிழியாகக் கருந்துளையை மூடிக்கொண்டு, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு வரை விரிந்தது. நொடிக்கு 10,000 முதல் 20,000 கிலோமீட்டர் வேகம். தொலைநோக்கிகள் பல ஆண்டுகளாக அளந்து வைத்திருந்த வேகங்களோடும் குறைந்த வெப்பத்தோடும் அது பெருமளவு ஒத்துப்போனது. ஊகித்த திரை, கணக்கிலிருந்து தானாகவே எழுந்து நின்றது.

இந்த ஆய்வு பூதக்கதையின் மேல் வைத்த முற்றுப்புள்ளி என்றே கொள்ளலாம். விண்மீனின் பாதி உடனே தப்பிவிடுகிறது. திரும்பி வந்ததிலும் பெரும்பகுதி உள்ளே போகாமல் வெளியே தள்ளப்படுகிறது. கருந்துளையின் வயிற்றுக்குள் போவது மிகச் சொற்பம்.

கணினிக்கு வெளியே, தெற்கு வானத்திலேயே இதற்குச் சாட்சிகள் இருக்கின்றன. 2019 ஜனவரியில் பறக்கும் மீன் என்ற சிறிய விண்மீன் குழுவின் திசையில், 37.5 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு விண்மீன் கிழிந்த ஒளி வந்தது. மெல்போர்னின் அடிவானத்துக்குக் கீழே ஒருபோதும் இறங்காத திசை அது. நாசாவின் டெஸ் விண்கலம் அப்போது அந்தப் பகுதியை அரை மணி நேரத்துக்கு ஒரு முறை படமெடுத்துக்கொண்டிருந்ததால், ஒளி ஏறத் தொடங்கிய கணத்திலிருந்தே பதிவு கிடைத்தது. முதல் சில நாட்களில் வெப்பம் 40,000 டிகிரியிலிருந்து 20,000 டிகிரிக்கு இறங்கியது. கண்ணுக்குத் தெரிந்த ஒளி மங்கிய பிறகும் கதை முடியவில்லை. நியூ சவுத் வேல்ஸின் நாராப்ரையில் உள்ள ஆறு கிண்ணங்கள் கொண்ட வானொலித் தொலைநோக்கி நான்கு ஆண்டுகள் வரை அந்த இடத்தைத் தொடர்ந்து கேட்டது. வெளியே எறியப்பட்ட வாயு சுற்றுப்புறத்தில் மோதும்போது எழும் வானொலி அலைகளை அது பதிவு செய்தது.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. 21.5 கோடி ஒளியாண்டுத் தொலைவில் 2019இல் கிழிபட்ட இன்னொரு விண்மீனின் எச்சங்கள் கருந்துளையைச் சுற்றி வட்டத்தட்டாகப் படிந்திருக்கின்றன. 48 மணி நேரத்துக்கு ஒரு முறை அங்கிருந்து எக்ஸ்ரே பளிச்சிடுகிறது. ஏதோ ஒரு சிறு பொருள் சுற்றிவரும்போது அந்தத் தட்டைத் திரும்பத் திரும்பக் குத்திக்கொண்டு போவதாகத் தெரிகிறது. 2024 அக்டோபரில் வெளியான அந்தக் கண்டுபிடிப்புக்குப் பயன்பட்ட விண்கலங்களுள் ஒன்று, 2015இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட். அந்த விண்மீன் முதலில் கிழிந்தபோது அதை நெருக்கமாகத் தொடர்ந்தவை சிலியில் உள்ள ஐரோப்பியத் தெற்கு ஆய்வகத்தின் தொலைநோக்கிகள்.

ஆஸ்திரேலியாவில் வாழும் தமிழர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய பெயர் அந்த ஆய்வகம். 2017 ஜூலையில் ஆஸ்திரேலியா அதனோடு பத்தாண்டுக் கூட்டு ஒப்பந்தம் செய்தது. இங்குள்ள ஆய்வாளர்கள் சிலியின் பெரிய தொலைநோக்கிகளைப் பயன்படுத்துவது அதனால்தான். பத்தாண்டு என்பது முடிகிற காலம். அந்த வழி அடைபட்டால் கிளேட்டனில் கணக்கிட்டதை வானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டிவரும். நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் விசாவும் வீட்டு விலையும் பற்றிக் கேட்கும்போது இதையும் கேட்பது வரி கட்டும் குடிமக்களின் உரிமை.

இதனால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவிடமே ஒரு பதில் இருக்கிறது. 1970களில் ஜான் ஓ'சல்லிவன் என்ற பொறியாளர், வெடிக்கும் சிறு கருந்துளைகளிலிருந்து வானொலித் துடிப்பு வரக்கூடும் என்று தேடினார். துடிப்பு கிடைக்கவில்லை. மங்கிச் சிதறிய சமிக்ஞையைத் தெளிவாக்கும் அனுபவம் கிடைத்தது. 1990களில் சிட்னியில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் அவரும் சகாக்களும் கம்பியில்லா இணையத்துக்கான காப்புரிமையை உருவாக்கியபோது அந்த அனுபவம் கைகொடுத்தது. அந்தக் காப்புரிமை வழியே நிறுவனத்துக்கு வந்த தொகை 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல். வலுவான உதாரணம்தான். ஆனால் கருந்துளை ஆய்வுக்குக் காசு கேட்கும் ஒவ்வொரு முறையும் வைஃபையைக் காட்ட வேண்டியதில்லை. நம் பால்வீதியின் நடுவிலேயே 43 லட்சம் சூரிய எடையுள்ள கருந்துளை இருக்கிறது. எஸ்2 என்ற விண்மீன் 16 ஆண்டுக்கு ஒரு முறை அதைச் சுற்றுகிறது. 2018 மே மாதத்தில் 1,800 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கி, கிழியாமல் பத்திரமாகத் திரும்பிப் போனது. பத்துக் கோடி கிலோமீட்டருக்குள் போயிருந்தால் திரும்பியிருக்காது. எந்தத் தூரம் வரை உயிர், எந்தத் தூரத்தில் அழிவு என்று ஒரு விண்மீனுக்கு எல்லைக்கோடு போட மனிதனால் முடிகிறது. அதைத் தெரிந்துகொள்வதே போதுமான பயன்.

ஒரு விண்மீன் மண்டலத்தில் இப்படி ஒரு விண்மீன் கிழிவது பல பத்தாயிரம் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும். இதுவரை உறுதியானவை நூறு சொச்சம். சிலியில் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் ஆய்வகம் தெற்கு வானம் முழுவதையும் சில இரவுகளுக்கு ஒரு முறை துழாவும். இனி வருபவை ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று வானியலாளர்கள் எதிர்பார்க்கிறார்கள். இன்று பத்து வயதில் இருக்கும் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகும்போது அந்தத் தரவுகளை அலசும் கைகளுக்குத் தட்டுப்பாடு இருக்கும்.

விக்டோரியாவில் தமிழ், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு ஒரு பாடம். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் பெற்றோரின் உழைப்பால் நடக்கின்றன. அங்கே பொங்கலும் தீபாவளியும் ஆண்டுதோறும் கட்டுரைத் தலைப்பாகின்றன, ஆகட்டும். ஓராண்டு ஒரு வகுப்பையாவது அமாவாசையை ஒட்டிய நாளொன்றில் வெஸ்டர்ன்போர்ட் கரைக்குக் கூட்டிப்போய், வற்றிய சேற்றையும் ஏறிய நீரையும் ஒரே நாளில் காட்டி, அங்கிருந்து வியாழனில் உடைந்த வால்மீனுக்கும், அங்கிருந்து கருந்துளையருகே கிழிந்த விண்மீனுக்கும் தமிழிலேயே போக வேண்டும். திரும்பி வந்து பிள்ளைகள் அதைத் தமிழில் எழுத வேண்டும். மொனாஷின் ஆய்வாளர் ஒருவரை ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு அழைத்துப் பேசச் சொல்வதும் எட்டாத காரியம் இல்லை. பள்ளி நிர்வாகிகள் அடுத்த ஆண்டுத் திட்டத்தை எழுதும்போது இதற்கு ஒரு நாளை ஒதுக்க வேண்டும்.